குதிரையேறிய நாயகி: ‘ஃபியர்லெஸ்’ நாடியாவின் திரைவாழ்க்கை

‘ஃபியர்லெஸ் நாடியா’ என்று இந்தியா முழுதும் அறியப்பட்ட மேரி ஆன் எவன்ஸ், 1930களிலும் 40களிலும் இந்திச் சண்டைப்படங்களின் முதன்மை நாயகி. குதிரையேற்றம், சாட்டைவீச்சு, வாள்சண்டை, ஓடும் ரயிலின் கூரைமேல் மல்லுக்கட்டு என எல்லாவற்றையும் டூப் வைத்துக்கொள்ளாமல் தானே செய்தார். அவர் நடித்தவை பெரிய முதலீட்டுப் படங்கள் அல்ல. குறைந்த செலவில் விரைவாக எடுக்கப்பட்டு, தரை டிக்கெட் ரசிகர்களை நம்பி வெளியானவை. அக்காலப் பத்திரிகைகள் அவற்றைப் பெரிதாக மதிக்கவில்லை, அரங்குகளோ நிரம்பின. நாயகி என்றால் அழுபவள், கடத்தப்படுபவள், காப்பாற்றப்படுபவள் என்றிருந்த வழக்கத்தைக் குதிரை ஒன்றின் துணையோடு அவர் புரட்டிப்போட்டார். சேணத்தில் அமர்ந்து துரத்துகிறவளைக் கதாசிரியர் எளிதில் மூலையில் உட்கார்த்திவைத்துவிட முடியாது.

கௌபாய் படங்களில் பெண்கள்

நாடியாவின் படங்களுக்கு முன்னோடிகள் அமெரிக்காவில் இருந்தன. மௌனப்பட காலத்தில், 1914இல் வெளிவந்த ‘தி பெரில்ஸ் ஆஃப் பாலின்’ தொடர்படம் பேர்ல் ஒயிட் என்ற நடிகையை உலகறியச் செய்தது. அதே ஆண்டு தொடங்கிய ‘தி ஹசார்ட்ஸ் ஆஃப் ஹெலன்’ தொடரில் ஹெலன் ஹோம்ஸும் அவருக்குப் பின் ஹெலன் கிப்சனும் ரயில்களின் மீதும் குதிரைகளின் மீதும் சாகசம் செய்தார்கள். இந்தத் தொடர்படங்கள் இந்திய அரங்குகளிலும் ஓடின. நாயகி ஆபத்தில் சிக்குவதும், தானே தப்பிப்பதும், அடுத்த வாரம் வேறொரு ஆபத்தில் சிக்குவதும் இவற்றின் வாய்பாடு.

பேசும்படம் வந்த பிறகு நிலைமை மாறியது. 1930களில் அமெரிக்க அரங்குகள் ஒரே டிக்கெட்டுக்கு இரண்டு படங்களைக் காட்டத் தொடங்கின. முதல் படம் பெரிய நடிகர்கள் நடித்தது. கூடவே ஓடும் இரண்டாவது படம் ஒரு மணி நேரத்துக்குச் சற்று நீளமான, மலிவான தயாரிப்பு. ‘பி’ படம் என்ற பெயர் அதற்குத்தான். ரிபப்ளிக், மோனோகிராம் போன்ற நிறுவனங்கள் இத்தகைய கௌபாய் படங்களை வரிசையாக வார்த்துத் தள்ளின. அவற்றில் குதிரையும் துப்பாக்கியும் பாட்டும் ஆணுக்கே உரியவை. பெண் பெரும்பாலும் பண்ணை முதலாளியின் மகளாக வாசலில் நின்று காத்திருப்பாள். குதிரையேற்றம் நன்கறிந்த நெல் ஓடே போன்ற நடிகைகள் யுனிவர்சல் நிறுவனத்தின் ஜானி மேக் பிரவுன் படங்களில் குதிரையில் பாய்ந்து வந்தாலும், கதையின் கடிவாளம் நாயகன் கையிலேயே இருந்தது. டோரதி பேஜ் என்ற பாடகியை நாயகனின் இடத்தில் வைத்து 1939ஐ ஒட்டி மூன்று கௌபாய் படங்கள் எடுக்கப்பட்டன. அந்த முயற்சி அத்துடன் நின்றது.

ஹாலிவுட்டில் மூன்று படங்களோடு முடிந்தது பம்பாயில் ஒருவரின் முழுத் தொழில்வாழ்க்கையாக நீடித்தது.

பெர்த்திலிருந்து பெஷாவருக்கு

மேரி ஆன் எவன்ஸ் 1908 ஜனவரி 8 அன்று ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பிறந்தார். தந்தை ஹெர்பர்ட் எவன்ஸ் பிரிட்டிஷ் படையைச் சேர்ந்தவர். தாய் மார்கரெட் கிரேக்க வம்சாவளியினர். தந்தையின் படைப்பிரிவு இந்தியாவுக்கு மாற்றப்பட்டதால் 1913இல் குடும்பம் பம்பாய் வந்தது. முதல் உலகப்போரில், 1915இல் தந்தை கொல்லப்பட்டார். பின்னர் தாயும் மகளும் அன்றைய இந்தியாவின் வடமேற்கு எல்லையில் இருந்த பெஷாவருக்குச் சென்றனர். குதிரையேற்றம், துப்பாக்கி சுடுதல், வேட்டை, மீன்பிடித்தல் எல்லாம் அந்த மலைநாட்டில் அவர் பழகியவை. பிற்காலத்தில் அவரது பிழைப்புக்கு முதலாக அமைந்தது அந்தப் பழக்கம்தான்.

1928இல் சிறுவனான தம் மகன் ராபர்ட்டோடும் தாயோடும் பம்பாய் திரும்பினார். ஆர்மி அண்டு நேவி ஸ்டோர்ஸ் என்ற பெரிய கடையில் விற்பனைப் பெண்ணாக வேலை பார்த்தார். சுருக்கெழுத்தும் தட்டச்சும் கற்றார். உடல் எடையைக் குறைப்பதற்காக ஆஸ்ட்ரோவா என்ற ரஷ்ய ஆசிரியையிடம் பாலே நடனம் கற்கச் சேர்ந்தவர், அவருடைய குழுவிலேயே ஆடத் தொடங்கினார். அந்தக் குழு ராணுவ முகாம்கள், சமஸ்தானங்கள், சிறிய ஊர்கள் என நாடெங்கும் சுற்றியது. 1930 வாக்கில் ஜார்க்கோ சர்க்கஸிலும் சேர்ந்து வித்தை காட்டினார். ஒரு ஆர்மீனியப் பெண் குறி பார்த்து ‘ந’வில் தொடங்கும் பெயர் வைத்துக்கொள்ளச் சொன்னதால் ‘நாடியா’ ஆனார் என்பது அவர் வாழ்க்கையைப் பற்றி எப்போதும் சொல்லப்படும் செய்தி.

சினிமாவுக்கு வரும்போது அவருக்கு வயது இருபத்தாறை ஒட்டியிருந்தது. நடிப்பில் பயிற்சி இல்லை, இந்தியும் சரளமில்லை. ஆனால் குதிரையேறத் தெரியும், உயரத்தில் கால் நடுங்காது, கூட்டத்துக்கு முன்னால் உடலால் எதையும் செய்து காட்டக் கூச்சமில்லை. சண்டைப்படம் எடுப்பவருக்கு வேண்டியது அதுதான்.

வாடியா சகோதரர்கள்

ஜே.பி.எச். வாடியா எனப்படும் ஜம்ஷெட் வாடியாவும் அவருடைய தம்பி ஹோமி வாடியாவும் பம்பாயின் கப்பல் கட்டும் குலத்தில் பிறந்த பார்சிகள். படித்துப் பட்டம் பெற்று வங்கி வேலையில் இருந்த ஜம்ஷெட், குடும்பத்தார் முகம் சுளித்ததைப் பொருட்படுத்தாமல் மௌனப்பட காலத்திலேயே சினிமாவுக்கு வந்துவிட்டார். டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ் நடித்த ‘தி மார்க் ஆஃப் ஸாரோ’ (1920) அவரை மிகவும் கவர்ந்த படம். முகமூடி அணிந்து குதிரையில் வந்து கொடியவர்களைத் தண்டிக்கும் அந்தக் கதையை இந்தியச் சூழலுக்கு மாற்றி 1931இல் ‘திலேர் டாக்கு’ என்ற மௌனப்படம் எடுத்தார். அடுத்த ஆண்டு ரயில் சாகசப்படமான ‘தூஃபான் மெயில்’ வந்தது. 1933இல் சகோதரர்கள் வாடியா மூவிடோன் நிறுவனத்தைத் தொடங்கினர். ஜம்ஷெட் கதையையும் தயாரிப்பையும் கவனித்தார். ஹோமி இயக்குநர்.

லாகூரில் தியேட்டர் நடத்திவந்த ஒருவர் மூலமாக நாடியா இவர்களிடம் அறிமுகமானார். பொன்னிற முடியும் நீலக் கண்களும் கொண்டவரை இந்திய ரசிகர் ஏற்பாரா என்ற தயக்கம் ஜம்ஷெட்டுக்கு இருந்தது. கறுப்புச் சவுரிமுடி வைத்து ‘நந்தாதேவி’ என்று பெயர் சூட்டலாம் என்றார். நாடியா இரண்டுக்கும் உடன்படவில்லை. ‘வாடியா’வோடு ‘நாடியா’ ஒத்து ஒலிக்கிறதே என்று சொல்லி மறுத்துவிட்டார். 1935இல் வெளிவந்த ‘தேஷ் தீபக்’, ‘நூர்-ஏ-யமன்’ ஆகிய இரண்டு படங்களில் சிறிய வேடங்கள் கொடுத்துச் சோதித்துப் பார்த்தார்கள். ரசிகர்கள் அவரைக் கவனித்தது தெரிந்ததும், அவரை மையமாக வைத்தே ஒரு கதையை ஜம்ஷெட் எழுதினார்.

‘ஹண்டர்வாலி’

சவுக்குக்காரி என்று பொருள்படும் ‘ஹண்டர்வாலி’ ஓர் அரசகுமாரியின் கதை. கெட்ட மந்திரி ரணமல் அரசரைச் சிறைப்படுத்தி, நாட்டையும் இளவரசி மாதுரியையும் கைப்பற்றப் பார்க்கிறான். இளவரசி முகமூடியும் கால்சட்டையும் அணிந்து, சாட்டையோடு குதிரையேறிப் புறப்படுகிறாள். பணக்காரர்களிடமிருந்து பறித்து ஏழைகளுக்குக் கொடுக்கிறாள். காவலர்களைத் தூக்கி எறிகிறாள். கடைசியில் தந்தையையும் நாட்டையும் மீட்கிறாள். போமன் ஷ்ராஃப் இணை நாயகன். ஸாரோவும் ராபின் ஹூட்டும் இந்திய நாடோடிக்கதையின் ராஜா, மந்திரி, இளவரசியோடு கலந்த கதை இது. அமெரிக்கக் கௌபாய் படத்திலிருந்து குதிரைத் துரத்தலும் முகமூடியும் வந்தன. எல்லைப்புற ஊரும் ஷெரிஃபும் இருந்த இடத்தில் சமஸ்தான அரண்மனையும் கொடுங்கோல் மந்திரியும் வந்தார்கள்.

படத்துக்கு ஆன செலவு சுமார் 80,000 ரூபாய். ஆண்களை அடித்து வீழ்த்தும் வெள்ளைக்காரப் பெண்ணின் படத்தை வாங்க விநியோகஸ்தர்கள் முன்வரவில்லை. கடைசியில் வாடியா சகோதரர்களே பங்குதாரரோடு சேர்ந்து பம்பாய் கிராண்ட் ரோட்டில் இருந்த சூப்பர் சினிமாவில் 1935 ஜூனில் வெளியிட்டார்கள். படம் 25 வாரங்களுக்கு மேல் ஓடியது. ‘ஹண்டர்வாலி’ பெயரில் சாட்டை, பெல்ட், தீப்பெட்டி, சீட்டுக்கட்டு என்று அனுமதி கேட்காமலே பொருள்கள் சந்தைக்கு வந்தன. குதிரைமேல் இருந்தபடி கையை உயர்த்தி ‘ஹே…ய்’ என்று நாடியா எழுப்பும் முழக்கம் சிறுவர்களின் விளையாட்டில் புகுந்தது.

அந்த முழக்கம் எவ்வளவு தூரம் போனது என்பதற்கு நாடகாசிரியர் கிரீஷ் கர்னாட்டின் எழுத்து சாட்சி. கர்நாடகத்தின் சிர்சி என்ற சிற்றூரில் வளர்ந்த அவர், தம் சிறுவயதில் கேட்ட ஒலிகளில் மறக்க முடியாத ஒன்றாக, நாடியா குதிரையைச் செலுத்தியபடி எழுப்பும் அந்தக் குரலைப் பின்னாளில் ஒரு கட்டுரையில் நினைவுகூர்ந்தார். இந்தி பேசாத தெற்கிலும் அந்தப் படங்கள் ஓடியதற்குக் காரணம் எளிது: சண்டைக்கும் துரத்தலுக்கும் மொழி தேவையில்லை. நாடியாவின் இந்தி தடுமாறியதால் வசனத்தைக் குறைத்துச் செயலைக் கூட்டிய ஹோமியின் உத்தி, மொழி எல்லைகளைத் தாண்டவும் உதவியது.

குதிரை, ரயில், சிங்கம்

‘ஹண்டர்வாலி’யின் வெற்றிக்குப் பிறகு ஆண்டுக்கு ஒன்றிரண்டு என்று நாடியா படங்கள் வந்தன. ‘பஹாடி கன்யா’, ‘மிஸ் ஃபிரான்டியர் மெயில்’ (இரண்டும் 1936), ‘ஹரிக்கேன் ஹன்ஸா’ (1937), ‘லுட்டாரு லலனா’ (1938), ‘பஞ்சாப் மெயில்’ (1939), ‘டைமண்ட் குயின்’ (1940), ‘பம்பாய்வாலி’ (1941), ‘ஜங்கிள் பிரின்சஸ்’ (1942) ஆகியவை அவற்றுள் சில. நாயகியோடு ஒரு நிரந்தரக் குழுவும் இருந்தது. ‘பஞ்சாப் கா பேட்டா’ என்று பெயரிடப்பட்ட குதிரை, ‘ரோல்ஸ் ராய்ஸ் கி பேட்டி’ என்ற ஓட்டைக் கார், ‘கன்போட்’ என்ற நாய் ஆகியவை அந்தக் குழுவில் அடங்கும். போஸ்டரிலும் படத்தின் பெயர்ப் பட்டியலிலும் விலங்குகளுக்கும் வாகனத்துக்கும் நடிகர்களுக்குரிய இடம் கிடைத்தது. அமெரிக்கக் கௌபாய் படங்களில் நடிகர் டாம் மிக்ஸின் குதிரை டோனி அடைந்த புகழை வாடியாக்கள் நன்றாகக் கவனித்திருந்தார்கள். உடற்பயிற்சி வீரரான ஜான் காவஸ் பல படங்களில் நாடியாவுக்கு இணை. சண்டையில் அவர் ஆள்களைத் தூக்கினால் நாடியாவும் தூக்குவார். மயங்கி விழுந்தவரைத் தோளில் சுமந்து போகிறவர் சில சமயம் நாயகனாக இருக்கமாட்டார்.

அக்கால இந்திய ஸ்டூடியோக்களில் இன்று உள்ளதுபோல் ஸ்டண்ட் மாஸ்டர், காப்பீடு, பாதுகாப்புக் கயிறு ஏதும் கிடையாது. நடிகர்களே ஒத்திகை பார்த்து, விழும் இடத்தில் மணலோ வைக்கோலோ பரப்பிக்கொண்டு குதித்தார்கள். குதிரைத் துரத்தல்களை வேகமாகக் காட்டுவதற்குப் பழைய தந்திரம் ஒன்று உண்டு: கேமரா சற்று மெதுவாக ஓடும்படி படம் பிடித்துவிட்டு, அரங்கில் வழக்கமான வேகத்தில் ஓட்டினால் பாய்ச்சல் இன்னும் விறுவிறுப்பாகத் தெரியும். ஆனால் ஓடும் குதிரையில் தாவி ஏறுவதையோ, ரயில்பெட்டியின் கூரையில் நடப்பதையோ கேமரா தனியாகச் செய்துவிட முடியாது. முகம் தெரியும்படி நெருக்கமாகப் படம் பிடிக்கும்போது ஆள்மாறாட்டமும் பலிக்காது. நாடியாவே அதைச் செய்கிறார் என்பது ரசிகருக்குக் கண்ணாலேயே தெரிந்தது. அவருடைய பெயருக்கு முன்னால் ‘பயமறியாத’ என்ற அடைமொழி நிலைத்ததற்கு விளம்பரத்தைவிட இந்த நேரடிச் சாட்சிதான் காரணம்.

‘மிஸ் ஃபிரான்டியர் மெயில்’ படத்தில் கொலைப்பழி சுமத்தப்பட்ட தந்தையை மீட்க, மர்மக் கும்பலோடு ஓடும் ரயிலின் மேல் சண்டையிடுகிறார். ‘ஜங்கிள் பிரின்சஸ்’ படத்தில் நான்கு சிங்கங்களோடு நடித்தார். சர்க்கஸில் இருந்தவருக்கு விலங்குகளின் அருகில் நிற்பது புதிதல்ல. ஆனாலும் சிங்கங்கள் வேடிக்கைப் பொருள்கள் அல்ல என்பதை அந்தப் படப்பிடிப்பில் இருந்த எல்லோரும் அறிந்திருந்தார்கள். இரட்டை வேடம் ஏற்ற ‘முக்காப்லா’ (1942) வேறு வகை. ஒரே சட்டகத்தில் இரண்டு நாடியாக்களைக் காட்டும் தந்திரப் படப்பிடிப்பு அதில் பேசப்பட்டது. அதைச் செய்தவர், பின்னாளில் புராணப்படங்களின் மாயக்காட்சிகளுக்குப் புகழ்பெற்ற பாபுபாய் மிஸ்திரி.

குதிரைகளுக்கும் இந்தத் தொழிலில் ஆபத்து குறைவில்லை. ஹாலிவுட்டில் குதிரையின் முன்னங்காலில் கம்பி கட்டி இழுத்துக் குப்புற விழவைக்கும் முறை பல குதிரைகளைக் கொன்றது. 1939இல் வெளியான ‘ஜெஸ்ஸி ஜேம்ஸ்’ படப்பிடிப்பில் குதிரை ஒன்று மலைமுகட்டிலிருந்து விழுந்து இறந்ததைத் தொடர்ந்து எழுந்த எதிர்ப்பால், விலங்குநல அமைப்பு ஒன்று படப்பிடிப்புத் தளங்களைக் கண்காணிக்கும் உரிமை பெற்றது. இந்தியாவில் அத்தகைய கண்காணிப்பு வருவதற்குப் பல பத்தாண்டுகள் ஆயின.

சாட்டைக்குப் பின்னால் அரசியல்

ஜம்ஷெட் வாடியா தேசிய இயக்கத்தில் ஈடுபாடு கொண்டவர், பின்னர் அரசியல் சிந்தனையாளர் எம்.என். ராயின் கருத்துகளைப் பின்பற்றினார். பிரிட்டிஷ் தணிக்கை கடுமையாக இருந்த காலத்தில் அரசியலை நேராகப் பேச முடியாது. கற்பனைச் சமஸ்தானத்தின் கொடுங்கோலனை எதிர்த்து ஒரு பெண் போராடினால் தணிக்கை அதிகாரி அதை வெறும் சண்டைப்படமாகப் பார்த்துவிட்டுப் போவார். தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு யார் கொடுங்கோலன் என்று சொல்லித் தர வேண்டியதில்லை.

‘ஹரிக்கேன் ஹன்ஸா’ தீண்டாமையைத் தொட்டது. ‘லுட்டாரு லலனா’ இந்து–முஸ்லிம் ஒற்றுமையைப் பேசியது. ‘டைமண்ட் குயின்’ படத்தில், பம்பாயில் படித்துவிட்டு ஊருக்குத் திரும்பும் மதுரிகா, ஊர்ப் பணத்தைச் சுருட்டும் அதிகாரிகளை எதிர்க்கிறாள். மக்கள் எழுதப் படிக்கக் கற்க வேண்டும், பெண்கள் விடுதலை அடையாமல் நாடு விடுதலை அடையாது என்ற கருத்துகள் அந்தப் படத்தில் நேரடியாகவே ஒலித்தன.

இங்கே ஒரு முரண் உண்டு. வெள்ளைக்கார ஆட்சியை எதிர்க்கும் மறைபொருள் கொண்ட கதையில் நாயகி பிரிட்டிஷ் சிப்பாயின் மகள். ரசிகர்களுக்கு அது உறுத்தவில்லை. அவர் திரையில் இந்தியப் பெயர் தாங்கினார், இந்தியக் கொடுமைகளை எதிர்த்தார், ஏழைகளின் பக்கம் நின்றார். அதேசமயம், கால்சட்டை அணிந்து ஆண்களை உதைக்கும் சுதந்திரம் அவருக்கு எளிதாகக் கிடைத்ததில் அவர் நிறத்துக்கும் பங்குண்டு. ஓர் இந்துக் குடும்பப் பெண் அதையே செய்திருந்தால் ஊர் வாய் சும்மா இருந்திருக்குமா என்ற கேள்வி எழுவது இயல்பு. அந்தக் கேள்விக்குத் தமிழ்த் திரையே ஒரு பதில் தந்தது.

தமிழில் குதிரையேறிய பெண்

1930களில் சென்னையில் பேசும்பட ஸ்டூடியோ வசதி குறைவு. 1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ பம்பாயில்தான் எடுக்கப்பட்டது. 1934இல் ஏ. நாராயணன் சென்னையில் ஸ்டூடியோ தொடங்கிய பிறகும் பல தமிழ்ப்படங்கள் பம்பாயிலும் கல்கத்தாவிலும் உருவாயின. ஆகவே பம்பாயின் சண்டைப்பட வழக்கமும் தொழில்நுட்பக் கலைஞர்களும் தமிழுக்கு வர நெடுநாள் பிடிக்கவில்லை. கே. அமர்நாத் இயக்கிய ‘மின்னல்கொடி’ 1937இல் வெளியானது. கே.டி. ருக்மணி அதன் நாயகி. கோமாளி வேடங்களில் பெயர்பெற்ற கொக்கோ அவருடைய துணை. சொத்துக்காக உறவினரால் துரத்தப்படும் மோகினி, மின்னல்கொடி என்ற கொள்ளைக்காரர் இறந்த பிறகு அந்தப் பெயரைத் தானே ஏற்கிறாள். ஆணுடை அணிந்து, இருப்பவரிடம் பறித்து இல்லாதவருக்குத் தருகிறாள். ‘ஹண்டர்வாலி’ வெளியாகி இரண்டே ஆண்டுகளில், தமிழ்ப் பெண் ஒருவர் அதே பாதையில் வந்து வெற்றியும் பெற்றார். அமர்நாத்தின் ‘வீர ரமணி’ (1939) போன்ற படங்களிலும் ருக்மணி இந்த வகை வேடங்களைத் தொடர்ந்தார். தமிழின் முதல் சண்டைப்பட நாயகி என்ற இடம் அவருக்குரியது.

தமிழ் ரசிகர் அவரை ஏற்றதில் வியப்பில்லை. ஆண்களை அடக்கி மதுரையை ஆண்ட அல்லியின் கதை பெரிய எழுத்துப் புத்தகமாகவும் தெருக்கூத்தாகவும் நாடகமாகவும் ஊர் ஊராகப் பழகியிருந்தது. பொய்க்கால் குதிரை ஆட்டத்தில் ராஜாவோடு ராணியும் குதிரையில் வருவதைத் திருவிழாக் கூட்டம் பார்த்திருந்தது. தமிழகத்தின் திண்டுக்கல் வட்டாரத்துக்கு ஆயுதமேந்திய அரசி வெறும் கதையுமல்ல. 1772இல் காளையார்கோவில் போரில் கணவரை இழந்த சிவகங்கை ராணி வேலுநாச்சியார், திண்டுக்கல்லை அடுத்த விருப்பாச்சியில் கோபால நாயக்கரின் பாதுகாப்பில் ஆண்டுக்கணக்கில் தங்கியிருந்தார். அப்போது திண்டுக்கல் கோட்டை ஹைதர் அலியின் வசம் இருந்தது. ஹைதரின் உதவியோடு படை திரட்டி வேலுநாச்சியார் 1780இல் சிவகங்கையை மீட்டார். ஆயுதமேந்தி நாட்டை மீட்கும் அரசி திரைக்கு வருவதற்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே இந்த வட்டாரத்தில் நடமாடியவர்தான்.

இத்தகைய படங்களைச் சிற்றூர்களுக்குக் கொண்டுசேர்த்தது டூரிங் டாக்கீஸ். அறுவடை முடிந்த வயலிலோ சந்தைத் திடலிலோ கூடாரம் போட்டு, ஒரே புரொஜெக்டரை வைத்து, ரீல் மாற்றும் ஒவ்வொரு முறையும் இடைவேளை விட்டுக் காட்டுவார்கள். முன்னால் தரை, அதற்குப் பின்னால் பெஞ்சு, கடைசியில் நாற்காலி. கடைசி வரிசைக்காரருக்குச் சங்கீதமும் புராணமும் பிடித்திருக்கலாம். கொட்டகைக்கு வசூலைத் தருவது முன்வரிசை. அந்த முன்வரிசைக்குக் குதிரையும் கத்திச்சண்டையும் வேண்டும். பம்பாயிலும் கணக்கு இதேதான். நாடியாவின் வாழ்க்கையை நடத்தியது இந்த மலிவு டிக்கெட்.

பிரிவும் இறக்கமும்

1940களின் தொடக்கத்தில் ஜம்ஷெட் வாடியாவின் நாட்டம் மாறியது. சண்டைப்பட முத்திரையிலிருந்து விலகிக் கலைப்படங்கள் எடுக்க விரும்பினார். 1941இல் நடனக்கலைஞர் சாதனா போஸ் நடித்த ‘ராஜ் நர்த்தகி’யை இந்தியோடு ஆங்கிலத்திலும் எடுத்தது அந்த விருப்பத்தின் அடையாளம். ஹோமிக்கு நாடியா படங்களை விட மனமில்லை. 1942இல் அண்ணனைப் பிரிந்து பசந்த் பிக்சர்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். பரேலில் இருந்த வாடியா மூவிடோன் ஸ்டூடியோ இயக்குநர் வி. சாந்தாராமின் கைக்குப் போய் ராஜ்கமல் கலாமந்திர் ஆனது.

பசந்த் பிக்சர்ஸின் ‘ஹண்டர்வாலி கி பேட்டி’ (1943) பழைய நாயகியின் மகளாக நாடியாவைக் கொண்டுவந்து வெற்றிபெற்றது. ஆனால் சுதந்திரத்துக்குப் பிறகு ரசனை நகர்ந்தது. குடும்பக்கதையும் பாட்டும் இந்திப் படத்தின் முதுகெலும்பாயின. பசந்தே பிழைப்புக்காகப் புராணத்துக்கும் அரபிக்கதைக்கும் திரும்பி, ‘ஹனுமான் பாதாள விஜய்’ (1951), ‘அலிபாபா அவுர் சாலிஸ் சோர்’ (1954) போன்ற படங்களை எடுத்தது. நாடியாவுக்கு வயதும் ஏறிக்கொண்டிருந்தது. 1950களில் வாய்ப்புகள் குறைந்து, ‘சர்க்கஸ் குயின்’ (1959) போன்ற படங்களோடு ஓட்டம் ஓய்ந்தது. 1968இல் ‘கிலாடி’ என்ற உளவுப்படத்தில், அறுபது வயதில், கடைசியாகத் திரைக்கு வந்தார்.

ஹோமியும் நாடியாவும் நெடுங்காலம் ஒருவரையொருவர் விரும்பியிருந்தும், ஹோமியின் தாய் இசையவில்லை. தாயின் மறைவுக்குப் பிறகு 1961இல்தான் திருமணம் செய்துகொண்டார்கள். நாடியா தம் 88ஆம் பிறந்தநாளுக்கு மறுநாள், 1996 ஜனவரி 9 அன்று, மும்பையில் காலமானார்.

பிறகு வந்தவர்கள்

குதிரையும் துப்பாக்கியும் தென்னகத்துக்கு 1970களில் மறுபடி வந்தன. இத்தாலியக் கௌபாய் படங்கள் உலகெங்கும் ஓடிய காலம் அது. தெலுங்கில் கே.எஸ்.ஆர். தாஸ், பழிவாங்கும் பெண்ணாக விஜயலலிதாவை வைத்து ‘ரவுடி ராணி’ (1970) எடுத்தார். அடுத்த ஆண்டு நடிகர் கிருஷ்ணாவை வைத்து ‘மோசகாள்ளகு மோசகாடு’ என்ற முழுநீளக் கௌபாய் படம் தந்தார். தமிழில் ஒளிப்பதிவாளர் கர்ணன் ‘காலம் வெல்லும்’ (1970), ‘கங்கா’, ‘ஜக்கம்மா’ (இரண்டும் 1972), ‘எங்க பாட்டன் சொத்து’ (1975) ஆகிய படங்களை இயக்கி, ஜெய்சங்கரைத் தொப்பியும் குதிரையுமாக நிறுத்தினார். இந்த அலையில் விஜயலலிதா போன்ற ஒரு சிலரைத் தவிர, சேணம் மீண்டும் ஆண்களிடமே போய்ச்சேர்ந்தது.

நாடியா காலத்துக்கும் அதற்குப் பிந்தைய காலத்துக்கும் உள்ள முக்கிய வேறுபாடு டூப். ‘ஷோலே’யில் (1975) குதிரைவண்டி ஓட்டும் பசந்தியாக ஹேமமாலினி புகழ்பெற்றார். கொள்ளையர் துரத்தும்போது அந்த வண்டியை ஆபத்தான கட்டங்களில் ஓட்டியவர் ரேஷ்மா பட்டான் என்ற ஸ்டண்ட் கலைஞர். அந்தப் படப்பிடிப்பில் அவருக்குக் காயமும் பட்டது. இந்தியாவின் தொடக்ககாலப் பெண் ஸ்டண்ட் கலைஞர்களில் முதன்மையானவரான அவர் பல முன்னணி நடிகைகளுக்காகக் குதித்தும் விழுந்தும் பெயர் தெரியாமல் உழைத்தார். நாயகியின் முகம் ஒருவருடையது, துணிச்சல் இன்னொருவருடையது என்ற பங்கீடு அதற்குள் நிலைபெற்றுவிட்டது. நாடியாவிடமும் கே.டி. ருக்மணியிடமும் அந்தப் பங்கீட்டுக்கு இடமிருக்கவில்லை.

நைட்ரேட் பிலிமில் எடுக்கப்பட்ட அக்காலப் படங்களில் பெரும்பகுதி அழிந்துவிட்டது. மலிவுப் படங்களைப் பாதுகாக்க வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. நாடியாவின் சில படங்கள் குடும்பத்தாரின் பராமரிப்பால் தப்பின. ஜம்ஷெட்டின் பேரன் ரியாத் வின்சி வாடியா 1993இல் எடுத்த ‘ஃபியர்லெஸ்: தி ஹண்டர்வாலி ஸ்டோரி’ ஆவணப்படம் அவரை வெளிநாட்டுத் திரைவிழாக்களுக்கும் புதிய தலைமுறைக்கும் அறிமுகப்படுத்தியது. ஜெர்மானிய எழுத்தாளர் டோரத்தி வென்னர் அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதினார். ரோஸி தாமஸ் போன்ற ஆய்வாளர்கள் அவருடைய படங்களை இந்திய சினிமா வரலாற்றின் ஓரத்திலிருந்து நடுவுக்குக் கொண்டுவந்தார்கள். விஷால் பரத்வாஜின் ‘ரங்கூன்’ (2017) படத்தில் கங்கனா ரணாவத் ஏற்ற சண்டைப்பட நாயகியின் வேடத்துக்குத் தூண்டுதல் நாடியாதான். தமிழில் கே.டி. ருக்மணிக்கு இத்தகைய ஆவணப்படமோ முழு வரலாறோ பரவலாக அறியப்படவில்லை. ‘மின்னல்கொடி’ இன்று பெரும்பாலும் பழைய விமர்சனங்களிலும் திரைவரலாற்றுக் குறிப்புகளிலுமே வாழ்கிறது.